வெயிலில் காய்ந்த பெட்டரி

போன வாரம் ஹாலிஎலயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் பாட அழைத்திருந்தது யாரை? 'கீபோர்ட் கேசட்' செல்வராணியை!

தொண்ணூறுகளில் பதுளையில் பஸ் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக... ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுத்த செல்வராணி பாட, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கிறிஸ்டி வாசிக்க, இரண்டே பேர் சேர்ந்து போட்ட எட்டுப் பாட்டு. தபேலா இல்லை, வயலின் இல்லை. எல்லாச் சத்தமும் கிறிஸ்டியின் அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த கீபோர்டுக்குள்ளிருந்தே வந்தது. அதற்குப் பிறகு லுணுகலை வரை மேடையேறிய பெண்களெல்லாம் அந்தக் கேசட்டின் கீச்சுக் குரலில்தான் பாடினார்கள்.

மண்டபத்தில் கிறிஸ்டி அதே கீபோர்டை வாசிக்க, செல்வராணி இரண்டு வரிதான் பாடியிருப்பாள். மாப்பிள்ளையின் அக்கா எழுந்துவிட்டார்.

"இது அந்தக் குரல் இல்லீங்க! அது சின்னப் புள்ள குரலு. யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"நான்தாங்க பாடினேன்."

"தெனம் கேக்குறவ நான். எனக்குத் தெரியாதா?"

யாரோ கேசட்டையே போட்டுக் காட்டினார்கள். மெல்லிய, துள்ளுகிற குரல். செல்வராணி மைக்கை மேசையில் வைத்தாள். அந்தக் கேசட் அட்டையில் அவள் படம் கிடையாது. அவளுக்கென்று இருந்தது குரல் ஒன்றுதான். இப்போது அதுவும் அவளுடையது இல்லை என்கிறார்கள்...

"வயசாயிருச்சு போல, கிறிஸ்டி" என்றாள்.

கிறிஸ்டி கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினான். நெற்றி சுருங்கியது. "ஒனக்கு வயசாகட்டும். என் கீபோர்டுக்குமா? கேசட்டுல அதுவும்ல ஏறிக் கேக்குது!"

எனக்குச் சுருக்கென்றது.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே... எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. அந்தக் கேசட் போட்ட வருடம் நான் ஸ்பிரிங்வெளித் தொழிலாளர் லயத்தில் கிறிஸ்டியின் அறையில் ஓசிச் சாப்பாடு. லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. பெட்டரி என் பொறுப்பு. புதியதெல்லாம் கீபோர்டுக்கு. பாட்டைப் பதிந்த டேப் ரெக்கோர்டருக்குப் பழசு — தகரக் கூரையில் வெயிலில் காயவைத்து எடுத்தது. களைத்த பெட்டரியில் டேப் ஊர்ந்திருக்கிறது. பதுளைக் கடையில் கரண்டில் போட்டுப் பிரதி எடுத்தபோது அது ஓடியிருக்கிறது, குரலும் கீபோர்டும் சேர்ந்து ஏறிவிட்டன!

மண்டப வாட்ச்மேனிடம் சின்ன டேப் ரேடியோ ஒன்று இருந்தது.

"பெட்டரி இருக்கா தம்பி?"

"புதுசே இருக்கு, அண்ணே."

"புதுசு வேணாம். சாகப்போறது வேணும்."

ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் மங்கிப்போன டார்ச்சிலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

மைக்கின் முன்னால் ரேடியோவை வைத்துக் கேசட்டைப் போட்டேன். குரல் இறங்கியது... இறங்கி, சற்றுமுன் செல்வராணி பாடிய இடத்தில் வந்து நின்றது. கிறிஸ்டி கட்டையை அழுத்தினான். இரண்டும் ஒன்று.

"ஐயோ, நீங்கதானாக்கா!" மாப்பிள்ளையின் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

செல்வராணிக்கு அது கேட்கவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு களைச்சுப் போயா பாடியிருக்கேன், கிறிஸ்டி?"

"அன்னிக்கும் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு மலையிலேர்ந்து நேராத்தானே வந்த."

ஒரு தலைமுறையே ஆடியது அந்தக் குரலுக்குத்தான். களைப்பு மட்டும் யார் காதுக்கும் வந்து சேரவில்லை.

அவள் மைக்கை எடுத்தாள். தன் குரலிலேயே எட்டுப் பாட்டையும் பாடி முடித்தாள்.

பெட்டரியைக் காயவைத்தது யார் என்று மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்லியாயிற்று!