வித்துரா சந்தையில் கத்திச் சொன்ன பெயர்

எனக்குக் கெஞ்சத் தெரியாது. மனிதர்களிடமும் தெரியாது, சுவாமியிடமும் தெரியாது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள், "உனக்கு நடந்ததை எழுதிக் கொடு, நாலு பேர் படிக்கட்டும்" என்று விடாமல் கேட்டார்கள். எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்தது நடந்தபடி இருக்கும்.

என் தங்கை செல்லத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அம்மா இறந்த பிறகு அவளை வளர்த்தது நான்தான். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அண்ணன் வீட்டில் இருந்தோம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக வேலை பார்த்தேன். பகல் முழுக்கப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காது வலிக்கும். வீட்டுக்கு வந்தால் எனக்கென்று இருக்கிற ஒருத்தி என்னை ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாள். சேலையைப் பிடித்து இழுப்பாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் எந்தப் பிள்ளையாவது "அக்கா" என்று கூப்பிட்டால் நான் கை வேலையை விட்டுவிட்டு நிற்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையை இவள் வாயிலிருந்து கேட்டுவிட்டால் போதும் என்று இருக்கும். அந்த ஏக்கம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது. எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

செல்லத்துக்குப் பிடித்த இடம் பழவங்காடிப் பிள்ளையார் கோவில். அங்கே தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது. ஆனால் தேங்காய் கல்லில் மோதும் அதிர்வு தரை வழியாக அவள் காலுக்கு வரும். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேங்காய்க்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் பிள்ளையாரைப் பார்த்துச் சொல்வேன்: "இவளுக்குப் பேச்சு கொடு. கொடுத்த பிறகு உடைக்கிறேன். முன்கூட்டி ஒரு சில்லுகூடக் கிடையாது."

கொல்லம் 1110-ஆம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1935, வைகாசியில் ஒரு வழி திறந்தது. இங்கிலாந்தில் காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள், அப்படிக் கற்றுக்கொடுக்க வாத்தியார்களைப் பயிற்றுவிக்கிற கல்லூரியும் இருக்கிறது என்று எங்கள் தலைமையாசிரியை, வெள்ளைக்கார மதாம்மா, சொன்னார். அவரே எழுதிப் போட்டார். இடம் கிடைத்தது. செலவைப் பள்ளிக்கூடத்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. இனி பாஸ்போர்ட்டும் அங்கே தங்கிப் படிக்க அனுமதியும்தான் பாக்கி. ஆனி மாதக் கடைசிக்குள் காகிதங்கள் எல்லாம் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அண்ணனோடு சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். மனுவை வாங்கிப் பார்த்த குமாஸ்தா கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். நல்ல மனிதர்.

"கல்யாணம் ஆயிடுத்தாம்மா? ஆத்துக்காரர் பேர் என்ன?"

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அந்த ஆள் என்னை விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டு இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று கேள்வி. எனக்கு அவன்மேல் மரியாதை ஒன்றும் இல்லை. ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. அண்ணன்தான் பெயரைச் சொன்னார்.

"அப்போ அவர் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். கூட ஒரு கௌரவமான ஆள் சாட்சி போடணும். அது இல்லாம மேலே அனுப்ப முடியாது. இல்லேன்னா, அவர் காலமாயிட்டார்னு சர்டிபிகேட் வேணும்."

"காலமாயிருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "நான் என்னம்மா பண்றது? சட்டம் அப்படி."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "அவனைச் சந்தையில வச்சு அடிச்சவன் நான். அவன் வாசல்ல போய் என்னால நிக்க முடியாது, பகவதி. இந்த ஆசையை விட்டிரு. செல்லத்தை நாம பாத்துக்கிடலாம்."

அன்று மாலை கோவிலுக்குப் போனேன். அழுதேன் என்று எழுதினால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "என்ன வேண்டுமானாலும் செய். சட்டத்தை மாற்று, அந்தக் குமாஸ்தாவை மாற்று. அந்த ஆள் முன்னால் மட்டும் என்னைக் கொண்டு நிறுத்தாதே" என்றேன். ஒவ்வொரு நாளும் அதையேதான் கேட்டேன். சட்டமும் மாறவில்லை, குமாஸ்தாவும் மாறவில்லை. ஆனி பாதி கழிந்துவிட்டது. செல்லம் தரையில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கடைசியில் நானே புறப்பட்டேன். மதினி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்ததால் செல்லத்தையும் கூட்டிக்கொண்டேன். நெடுமங்காடு வரை பஸ். அங்கிருந்து தோட்டத்து லாரியில் இடம் கேட்டு ஏறினோம். வித்துராவில் இறங்கியபோது நல்ல மழை. அன்று சந்தை நாள். எங்கே போவது, யாரைக் கேட்பது? கேட்க வேண்டுமானால் பெயர் சொல்ல வேண்டும். எனக்குப் பெயர் வரவில்லை. மரச்சீனிக் கிழங்கு விற்கிறவனிடம், "தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நாகர்கோவில் பக்கத்து ஆளு, அவரு வீடு எங்கே?" என்று கேட்டேன்.

"ஓ, அவரா? மேலே ஓட்டு வீடு" என்று கையைக் காட்டினான்.

சரிவில் வழுக்கி விழுந்து எழுந்து அந்த வீட்டுக்குப் போனோம். ஒரு கிழவியம்மாள் கதவைத் திறந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சுதான். எனக்குத் தைரியம் வந்தது.

"எங்க வீட்டுக்காரரு வீடு இதுதானே?" என்று கேட்டேன்.

"ஆருட்டி உனக்க வீட்டுக்காரன்?"

"கணக்கப்பிள்ளை."

அந்தம்மாள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற செல்லத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஏய், இங்க வாரும்! உமக்க சம்சாரம் வந்திருக்கா, வளந்த பிள்ளையோட!" என்று சத்தம் போட்டாள். எழுபது வயசுக் கிழவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, சிவகாமி" என்றார். அந்தம்மாள் கையில் விளக்குமாறு வந்துவிட்டது. நான் செல்லத்தை இழுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து கிழவர், "நில்லு பிள்ளே, ஆளு ஆருன்னு சொல்லீட்டுப் போ" என்று கூப்பிடுவது கேட்டது. ஆளைச் சொல்ல முடிந்தால் நான் ஏன் ஓடுகிறேன்?

சந்தையில் ஒரு கடையின் கூரை இறவாணத்துக்குக் கீழே ஒதுங்கினோம். கடைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நெடுமங்காட்டுக்குத் திரும்பும் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். வாய்விட்டே பேசினேன். "அந்த ஆள் முன்னால் நிறுத்தாதே என்று கேட்டேன். கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்தாய். சரி, வந்தேன். அவன் முன்னாலாவது நிறுத்தக் கூடாதா? யாரோ கிழவன் முன்னால் நிறுத்தி எனக்கு விளக்குமாறு காட்டுகிறாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா?"

செல்லம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். என் சேலையை இழுத்தாள். பசி. வாயைத் திறந்து தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். அதைக் கேட்டதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இவள் ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷமாக முட்டி மோதுகிறாள். கடவுள் எனக்கு நாக்கும் கொடுத்து, காதும் கொடுத்திருக்கிறான். நான் எவனோ ஒருவனுடைய பெயரை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன். எதற்கு?

மழையில் இறங்கிச் சந்தை நடுவில் நின்றேன்.

"சிதம்பரதாணு!" என்று கத்தினேன். "ஏ, சிதம்பரதாணு! எங்கய்யா இருக்கீரு?"

சந்தை அப்படியே நின்றது. கருவாடு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். வெள்ளை முண்டு, கையில் ஓலைக்குடை. நேரே என்னிடம் வந்தாள்.

"அவரைப் பேரு சொல்லி விளிக்க நீங்க ஆரு?"

"பெண்டாட்டி."

அவள் மீன் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "நான் கௌரி" என்றாள். அவள்தான் அந்த இன்னொருத்தி. ஆறு வருஷம் நான் பிள்ளையார் முன்னால் நின்று சபித்தவள். குடையைச் செல்லத்தின் தலைக்கு மேலே பிடித்தாள். "குட்டி நனையுதல்லோ. வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அந்த ஆள் வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் துப்பக்கூட மறந்துவிட்டான். விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன்.

"பொம்பளை கடல் தாண்டிப் போறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? நாலு பேரு என்ன சொல்லுவான்? என் மானம் போயிரும்லா?"

"மானமோ?" என்றாள் கௌரி. "அது எப்போ இங்க வந்தது? நான் கண்டில்லல்லோ."

அவள் செல்லத்துக்குச் சூடாக மரச்சீனி வைத்துக் கொடுத்தாள். "இந்தக் குட்டிக்குச் செவி கேக்காதோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"கேக்காது. அதுக்குத்தான் படிக்கப் போறேன்."

"நீங்க படிச்சா இவ பேசுமோ?"

"பேசும்னு சொல்லுதாங்க."

கௌரி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. "இதுக்குச் சாட்சி வேற வேணும். இந்தக் காட்டுல கௌரவமான ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று நழுவினான்.

அப்போது வாசலில் செருமல் கேட்டது. அந்தக் கிழவர்! பின்னால் அவர் மனைவி, விளக்குமாறோடு. நான் போட்ட சத்தம் மேலே வரை கேட்டு, இரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். அவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை அவர்தான். இந்த ஆள் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன். அவன் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"ஏடே, இது உனக்க சம்சாரமா?" என்றார் கிழவர். "நாப்பது வருஷ தாம்பத்தியத்துல இன்னைக்குத்தான் நான் விளக்குமாறு பாத்தேன், உன்னால. போடுடே கையெழுத்தை. சாட்சி நான் போடுதேன்."

போட்டான். அவரும் போட்டார்.

படியிறங்கும்போது கௌரி சொன்னாள்: "போயிட்டு வாங்க சேச்சி. நல்லாப் படிங்க. திரும்பி வந்தா இங்க மட்டும் வரவேண்டா."

"உன் வீட்டை நீயே வச்சுக்க. எனக்கு வேண்டாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

லாரியில் வரும்போது எனக்குப் புரிந்தது. நான் தப்பான வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அந்தச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்தே இல்லை. அந்த ஆள் முன்னால் என்னை நிறுத்தாதே என்று நான் கேட்டதைப் பிள்ளையார் தரவில்லை. எனக்கு வேண்டியதைத் தந்துவிட்டார். நான் சபித்தவளைக் கொண்டே குடையும் பிடிக்க வைத்தார். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

காகிதங்கள் போய்ச் சேர்ந்தன. பாஸ்போர்ட் வந்தது. கொழும்பில் கப்பல் ஏறினேன். இங்கிலாந்தில் இருந்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர். உப்பில்லாத சாப்பாடு. படிப்பு. செல்லத்துக்குக் கடிதம் எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அண்ணன் கடிதம் போடும்போதெல்லாம், அவள் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். அந்தக் கோட்டுக்குள் என் கையை வைத்துக்கொண்டு படுப்பேன். ஒவ்வொரு தடவையும் விரல் கொஞ்சம் நீண்டிருக்கும். என் பிள்ளை நான் பார்க்காமல் வளர்கிறாள். தரையில் கை வைத்துப் பார்ப்பேன். தேங்காய் உடைக்கிற கோவில் அந்த ஊரில் எங்கே இருக்கிறது?

திரும்பி வந்து அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அவள் கையை என் தொண்டையில் வைத்து, என் கையை அவள் தொண்டையில் வைத்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மூச்சை உள்ளங்கையில் ஊதி, மாதக்கணக்காக ஒரே எழுத்து. எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பொறுமையையும் பிள்ளையாரிடம்தான் கேட்டு வாங்கினேன். தினம் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் நின்றோம். அவள் வழக்கம்போலக் குனிந்து தரையில் கை வைத்திருந்தாள். யாரோ ஓங்கி உடைத்தார்கள். அவள் நிமிர்ந்து என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"தே...ங்...கா" என்றாள்.

இத்தனை வருஷம் நான் காத்திருந்தது "அக்கா" என்ற வார்த்தைக்கு. கடல் தாண்டிப் போய் வந்ததும் அதற்குத்தான். முதலில் வந்தது தேங்காய்! கோவில் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன். பிறகுதான் அழுதேன். அங்கேயே தேங்காய் வாங்கி, கொடுக்க வேண்டிய பாக்கியை உடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் காது கேட்காத பிள்ளைகள் சிலர் வந்து படிக்கிறார்கள். எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அதை மனிதர்கள்மேல் காட்டுவது குறைந்திருக்கிறது. காட்ட வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் பெரிய கஷ்டம் இருக்கலாம். கேளுங்கள். பணிவாகக் கேட்க வந்தால் பணிவாகக் கேளுங்கள். வராவிட்டால் என்னைப் போலச் சண்டை போட்டுக் கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் அனுப்புகிற வாசலுக்குப் போங்கள், அது விளக்குமாறு இருக்கிற வாசலாக இருந்தாலும் சரி.

செல்லம் "அக்கா" என்றும் சொல்லிவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, என்னைத் திட்டுவதற்காகச் சொன்னாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட உள்ளேயிருந்து கத்துகிறாள். சாப்பிட வரவில்லையாம். இருக்கட்டும். இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும், போகிறேன்.