சாயங்காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம்

கால்வேயில் என்னிடம் முதன்முதலாகப் பேசிய மனிதர் என்னைக் கிராக்கு என்றார். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு பிற்பகல். மாணவர் விடுதி வாசலில் அறைச் சாவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காவலாளி என் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார், கலைந்த தலையைப் பார்த்தார், "வாட்ஸ் த கிராக்?" என்றார். மூன்று விமான நிலையங்களைத் தாண்டி வந்த களைப்பில் அப்படித்தான் தெரிகிறேன் போலும் என்று நினைத்து, "நோ சார், ஐ ஆம் ஆல்ரைட்" என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு விளக்கினார். அந்த ஊரில் கிராக் என்றால் சேதி, பேச்சு, சிரிப்பு, நாலு பேர் கூடியிருக்கிற சந்தோஷம், எல்லாமும் சேர்ந்தது. என்ன விசேஷம் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். எங்கள் திருநெல்வேலியில் அதே சொல்லுக்கு மறை கழன்ற ஆள் என்று பொருள். நான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது அவர் சொன்ன கிராக்குக்காக. அப்படித் தேர்ந்தெடுத்ததற்கு வீட்டில் எனக்குக் கிடைத்த பட்டம் நம்மூர்க் கிராக்கு.

இதை எழுதக் காரணம், ஊரிலிருந்து வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிற ஒரு கேள்வி. "அக்கா, உங்க யுனிவர்சிட்டி ரேங்க் என்ன?" எனக்கு நினைவில்லை. அன்றைக்கும் நான் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. மருத்துவக் கருவி வடிவமைப்பில் முதுகலை இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு அடுத்து, அந்த ஊரில் ஆட்டம் பாட்டம் கூட்டம் உண்டா என்று பார்த்தேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் ரேங்கை மட்டும் பார்த்துப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார்.

சண்முகம் அண்ணன் என் பெரியப்பா மகன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன். தச்சநல்லூரில் எங்கள் தெருவிலேயே நன்றாகப் படித்தவன் அவன்தான். ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில், பெரிய பேருள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது பெரியப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். ஐந்தாவது மாதம் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்து மாடி அறையில் படுத்துக்கொண்டான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியம்மா எல்லாரிடமும் சொன்னாள். நான் தினமும் காப்பி எடுத்துக்கொண்டு மாடி ஏறுவேன். பல நாள் கழித்து ஒருநாள், சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"குளிரெல்லாம் ஒண்ணும் செய்யலட்டி. பேச ஆளில்ல, அவ்வளவுதான். வகுப்பு முடிஞ்சா அவனவன் ரயில் பிடிச்சுப் போயிருதான். ஆறு மணிக்கு ஊரே அடைச்சிரும். கடையில சாமான எடுத்து மிஷின்ல காட்டிட்டு நானும் ரூமுக்கு வந்துருவேன். ஒரு வெள்ளிக்கிழம அம்மா போன் பண்ணுதா, ஹலோன்னு சொல்லப் பாக்கேன், தொண்டைல சத்தம் வரல. அப்பத்தான் யோசிக்கேன், திங்கக்கிழமைல இருந்து வாயே தொறக்கலன்னு."

நான் கீழே இறங்கி வந்தபோது பெரியம்மா, "என்ன சொல்லுதான்?" என்றாள். "குளிருதானாம் பெரியம்மா" என்றேன். அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு என் முறை வந்தது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. நான்கு வருடத்தில் வகுப்புத் தோழர்களில் பாதிப்பேரின் குரல் எனக்குத் தெரியாது. வண்ணார்பேட்டையில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். அப்பா கணக்கு வாத்தியார். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பவர். கழுத்துப்பட்டை கட்டிய ஆலோசகர் நீட்டிய பட்டியலில் மேலே இருந்த மூன்று பெயர்களை அப்பா சிவப்பு மையால் வட்டமிட்டார். நான் ஆலோசகரிடம், "இந்த ஊர்கள்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

"புரியல மேடம்."

"நான் தனியா போறேன். ஆறு மணிக்கு மேல யாரு என்கூட பேசுவாங்க?"

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க சார்." அப்பா சிரிக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது கேட்டார், "ஏட்டி, நீ படிக்கப் போறியா, கூத்தடிக்கப் போறியா?"

"ரெண்டுக்குந்தாம்ப்பா."

அதுவரை எங்கள் வீட்டில் அப்பாவுக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விஷயம் கேள்விப்பட்ட மாமா வந்து, "பிள்ளைக்கு கிராக்கு பிடிச்சிருக்கா?" என்றார். நான் சண்முகம் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாதத்தில் ஜெயித்திருப்பேன். அவன் மாடி அறையில் சொன்னதைக் கீழே கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாதம் முழுக்க ஒரே வேலையாக இருந்தேன். ஏழெட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்கங்களுக்கு அதே கேள்வியை எழுதி அனுப்பினேன். பெரும்பாலும் வழவழப்பான விளம்பரப் புத்தகங்கள் பதிலாக வந்தன. கால்வேயிலிருந்து மட்டும் ஒரு பெண் கையால் எழுதியதுபோல ஒரு நீளக் கடிதம் போட்டிருந்தாள். திங்கள் விவாத மேடை, செவ்வாய் நடனம், புதன் படகு, வியாழன் யாராவது எங்காவது பாடுவார்கள் என்று போனது அது. கடைசி வரி: "செவ்வாய்க்கிழமை வா, என்னைத் தேடி வந்ததாகச் சொல்." அவள் பெயரை எழுத்துக்கூட்டி ஆயோய்ஃபே என்று படித்துக்கொண்டேன். நேரில் பார்த்து அப்படிக் கூப்பிட்டபோதுதான் அது ஈஃபா என்று தெரிந்தது. என் கோமதியை அவள் கோமாட்டி ஆக்கியிருந்தாள். கணக்குச் சரியாகிவிட்டது.

அப்பா அரைமனதோடு அனுப்பிவைத்தார். நான் போய்ச் சேர்ந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஈஃபா என்னைக் கேலிக்குக் கூப்பிட்டாள். ஆமாம், அந்த நடனத்தின் பெயர் கேலி. ஊரிலிருந்து கிராக்குப் பட்டத்தோடு வந்தவளுக்கு அடுத்தது கேலிதானே என்று சிரித்துக்கொண்டே போனேன். ஒரு பள்ளிக்கூட மண்டபம், மாலை ஏழு மணி, முப்பது நாற்பது பேர். மாணவர்கள், தாதிகள், ஒரு மீன்கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற தபால்காரர் மார்ட்டின். வரிசையாக நிற்க வேண்டும், எதிரே இருப்பவரின் கையைப் பிடிக்க வேண்டும், சுற்ற வேண்டும், அவரை விட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். கையைப் பிடிக்கும் முன் நான் சுரிதாரில் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்தேன். மூன்றாவது பாட்டில் இடம் வலம் மாறி மீன்கடைக்காரரின் காலை மிதித்தேன். அவர் "நோ பாதர்" என்றார், அதாவது பரவாயில்லை என்று. அன்று இரவு படுக்கப் போகையில் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. எனக்கு அண்ணன் நினைவு வந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். சேர்ந்து சமைத்தார்கள், காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை மண்டபத்துப் பக்கம் வந்து, நான் ஆடுவதைப் படமெடுத்து, தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி, வாட்சப் குழுவில் போட்டார். படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பில் ஓர் ஆணின் கை இருந்தது. கைக்கு மேலே ஆள் இல்லை. இரண்டே நாளில் அது தச்சநல்லூர் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பாளையங்கோட்டையில் ஓர் இடத்தில் எனக்கு ஜாதகம் பொருந்தி, பேச்சு பாதி முடிந்திருந்தது.

அம்மாதான் முதலில் கூப்பிட்டாள். "யாருட்டி அது, கை வச்சிருக்கது?"

"மார்ட்டின். எழுபத்து மூணு வயசு. சுத்தும்போது எல்லாரும் அப்படித்தாம்மா பிடிப்பாங்க."

அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப அதையே சொல்லிருதேன். தாத்தா வயசுன்னு சொன்னா அப்பா ஆறிருவாக. மாப்பிள்ள வீட்டுலயும் சொல்லிரலாம்."

"சொல்லாதம்மா."

"ஏன்? உள்ளததான சொல்லப் போறேன்?"

"அடுத்த பாட்டுக்கு என்கூட ஆடுனவனுக்கு இருவத்தஞ்சு வயசு. அப்ப அது தப்பா? நான் தப்பே செய்யலம்மா. தாத்தா வயசுன்னு சொல்லி என்னைக் காப்பாத்த வேண்டாம்."

அப்பா போனை வாங்கினார். "அந்தப் படத்த எடுக்கச் சொல்லு" என்றார். "போட்டவரா எடுத்தா எடுக்கட்டும், நான் எடுக்கச் சொல்லமாட்டேன்ப்பா" என்றேன். இணைப்பு அறுந்தது. ஈஃபாவிடம் முழுப் படம் ஒன்று இருந்தது. மண்டபம் முழுக்க ஆட்கள், மார்ட்டினின் நரைத்த தலை, எல்லாம் தெளிவாகத் தெரியும் படம். அதை வைத்திருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது. நான் அந்த வெட்டிய படத்தையே என் வாட்சப்பின் முகப்புப் படமாக வைத்தேன். ஓர் ஆண்டு மாற்றவில்லை.

சம்பந்தம் முறிந்தது. அப்பா நான்கு மாதம் என்னிடம் பேசவில்லை. கலகலப்பான ஊர் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை பாதி ஆட்டத்தில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தேன். மார்ட்டின் கவனித்துவிட்டார். அவர் கையால் ஒரு கல்யாணம் நின்றுபோனது என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் இருண்டது. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, என் கையை இரண்டு கைகளாலும் பற்றி, "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்றார். அது அந்த ஊரில் சாவு வீட்டில் சொல்லும் வார்த்தை. பக்கத்தில் இருந்த தாதி யார் செத்தது என்று பதறி வந்தார். நான் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் காரணம் தெரியாமலே என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். இதற்காகத்தான் நான் வந்தேன். நான் அழுதால் கவனிக்க ஓர் ஆள் இருக்கிற ஊருக்கு.

அந்தப் படத்தைப் பார்த்து ஊரிலிருந்து ஒரே ஒருவர் நல்லதாக எழுதினார். சண்முகம் அண்ணன். "நல்லாருக்குட்டி. சத்தம் கேக்க மாதிரி சிரிக்க." அதன்பிறகு வாரம் ஒருமுறை பேசினோம். அவன் பேச, நான் கேட்க.

படிப்பு முடிந்து, அங்கேயே வேலை கிடைத்து, இரண்டரை வருடம் கழித்து இந்த வைகாசியில் ஊருக்குப் போனேன். அப்பா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார், படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவருடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் தன் மகளுக்காக விசாரிக்க வந்தார். "ரேங்க் எப்படி சார்?" என்றார். அப்பா, "ரேங்கு கெடக்கு. பேசுத ஆளுக உள்ள ஊராம் வே" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். சண்முகம் அண்ணன் இப்போது ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருக்கிறான். "அடுத்த வருசம் மறுபடி எழுதிப் போடலாம்னு பாக்கேன். அந்தக் கேலிக்கு எம்மாதிரி ஆளையும் சேப்பாங்களா?" என்று கேட்டான். காலை மிதித்தால்கூடச் சேர்ப்பார்கள் என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அவனைப் பார்த்துவிட்டு ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் தச்சநல்லூர் திரும்பினேன். கால்வேயில் பேருந்தை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். குழந்தைகள்கூட. எனக்கும் அது எப்போதோ தொற்றிவிட்டிருந்தது. நிறுத்தம் வந்ததும் முன்வாசலில் இறங்கியபடி, "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்றேன். ஓட்டுநர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன தாயி? எதையும் வச்சுட்டு எறங்கிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா, தேங்க்ஸ் சொன்னேன்."

அவருக்கு விளங்கவில்லை. வண்டியை எடுக்காமல் நின்றார். பின்னாலிருந்து நடத்துநர், "பிள்ள எதையோ விட்டுட்டுப் போவுது, பாருங்க" என்று சத்தம் கொடுத்தார். சன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கீழே வெயிலில் நின்றபடி, இன்னும் உரக்க, "தேங்க்ஸ் அண்ணாச்சி!" என்றேன். அதற்குள் நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் குனிந்து, நான் எதை விட்டுவிட்டேன் என்று அக்கறையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.