பெரியப்பாவின் பூர்வீகம்

எங்கள் முன்னோர் நாலு தலைமுறையாக ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வாழ்ந்தவர்கள் என்று பெரியப்பா போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிவிடுவார். மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் போட ஆசைப்பட்டார். ஆதாரம் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதால் எனக்கு வேலையே இல்லை என்பது அவர் எண்ணம்.

பழைய சென்சஸ் புத்தகத்தில் வார்டு வாரியாகத் தலைகளைத்தான் எண்ணியிருந்தார்கள், பெயர்கள் இல்லை. கடைசியில் கொள்ளுத்தாத்தா வயல் வாங்கிய பத்திரத்தின் நகல் கிடைத்தது. அவர் பெயருக்கு முன்னால், ‘திருவானைக்காவல் பேய்மேட்டில் குடியிருக்கும்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. சத்தமாக இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எழுதினவன் தூக்கத்துல எழுதியிருப்பான்” என்றார் பெரியப்பா.

நான் விடவில்லை. மறுநாள் காலையில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருவானைக்காவலுக்குப் போனேன். விசாரித்த நாலு பேருக்கும் பேய்மேடு தெரியவில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு வயதான பாய்தான் சிரித்தார்.

“அந்தப் பேரை இப்ப யாருங்க சொல்றாங்க? எதிர்ல கட்டடம் நிக்குதே, அந்த இடம்தான். எங்க வாப்பா பொழுது சாஞ்சா இந்தப் பக்கமே வர மாட்டாரு.”

எதிரே ஆறு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் ஏதோ பூந்தோட்டத்தின் பெயர், இங்கிலீஷில். உள்ளே போய் அதன் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேய்மேடு என்றதும் அவர் பதறிவிட்டார்.

“சார், மெதுவா பேசுங்க. மேல ரெண்டு வீடு இன்னும் விக்கல. இந்தப் பேரை வெளியில சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.”

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார்.

“ஏன் சொல்லக்கூடாது? எங்க தாத்தா குடியிருந்த இடம்யா இது. பேய்மேடுன்னா பேய்மேடுதான்!”

மாடிகளில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவர் இன்னும் உரக்கச் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம், பேய்க்கே பயப்படாத பரம்பரை எங்களுடையது என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. சித்திரை வீதியைக் காணோம். பூர்வீகம் பேய்மேடு என்று தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா எனக்கு போன் செய்தார்.

“தம்பி, மறுவீட்டுக்கு நாங்க அந்தப் பேய்மேட்டுக்கா வரணும்?”

“ஆமாங்க” என்றேன். “பகல்லயே வந்துடுங்க.”