பனிச்சரிவில் பச்சைக் கிளைகள்

இந்த நினைவு மலருக்கு அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு மூத்த மகளான என்னிடம் வந்தது. எழுதத் தொடங்கியதுமே சித்தப்பா ஓர் எச்சரிக்கை விடுத்தார். “பிள்ளை, பிறந்தது, படிச்சது, உத்தியோகம் எல்லாம் எழுது. உந்தப் பனிமலைக் கதையை மட்டும் விடு. சனம் சிரிக்கும்.” சித்தப்பா மன்னிக்க வேண்டும். அதை விட்டால் எழுத மிஞ்சுவது கொஞ்சந்தான்.

அப்பா வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மனேச்சரானார். கூட்டித் துடைக்காமல் கடை திறப்பது அவருக்குப் பெரும் பாவம். சனம் வரிசையில் நின்று முணுமுணுத்தாலும் மூலை முடுக்கெல்லாம் கூட்டிய பிறகே கதவு திறக்கும். சண்டையில் கடை எரிந்தது. எங்களை அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அப்பா தனியே கனடா வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். எங்களைக் கூப்பிடுவதென்றால் கையில் ஒரு நிலையான வேலை வேண்டும் என்று ரொறன்ரோவில் எல்லோரும் சொன்னார்கள். அந்த வேலைதான் கிடைக்கவில்லை.

ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனிலிருந்து வடக்கே லொறி ஓட்டிய நண்பர் ஒருவர், தண்டர் பே நகரில் பனிச்சறுக்குப் பாய்ச்சல் மலை ஒன்றில் துப்புரவு வேலை இருப்பதாகச் சொல்லி அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார். உயரமான கோபுரத்திலிருந்து சறுக்கி வந்து, காற்றில் பாய்ந்து, கீழே பனிச்சரிவில் இறங்கும் விளையாட்டு அது. பின்லாந்திலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அந்த ஊருக்குக் கொண்டுவந்தது. முதலில் மரச்சாரம் கட்டிப் பாய்ந்தார்களாம். பிறகு பெரிய கோபுரங்கள் எழுந்தன, நாட்டின் வீரர்கள் அங்கே வந்து பயின்றார்கள். இவ்வளவும் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் பிறந்த ஊரைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு சொன்னதில்லை.

பார்வையாளர் படிகளைக் கூட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. சேர்ந்த சில நாட்களில், வீரர்கள் இறங்கும் சரிவில் பச்சை ஊசியிலைக் கிளைகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். மனேச்சருக்குப் பொறுக்குமா? யாரும் சொல்லாமலே ஓரத்தில் அடித்திருந்த முளைகளைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒன்று விடாமல் கூட்டி அள்ளிவிட்டார். சரிவு வெள்ளைவெளேரென்று ஆனது. கீழே நின்று பார்த்தபோது தனக்கே பெருமையாக இருந்தது என்பார்.

மேகம் மூடிய நாள் அது. மேலே ஒரு வீரர் பாய ஆயத்தமாக உட்கார்ந்திருந்தார். மலைப் பொறுப்பாளர் சரிவைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவந்து பயிற்சியை நிறுத்தினார். அந்தக் கிளைகளை அவர்களே வெட்டிப் பரப்பியிருந்தார்கள். மேகமும் சரிவும் வெள்ளையோடு வெள்ளையாகிப்போனால், பறந்து வருகிறவருக்கு நிலம் எங்கே என்று தெரியாது. காலோ கழுத்தோ முறியும்.

“வேலை போச்செண்டுதான் நினைச்சனான். என்ரை கண்ணுக்கு முன்னாலை நீங்கள்தான் நிண்டனியள். இனி எப்பிடிக் கூப்பிடுறது?” என்று அப்பா சொல்வார்.

பொறுப்பாளர் பின்லாந்து வழி வந்தவர், பேச்சுக் குறைவு. திட்டவில்லை. அள்ளிய கிளைகளில் பாதியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். இருவரும் சேர்ந்து பரப்பி முடித்தபோது, நாளையிலிருந்து கிளை பரப்புவதும் உன் வேலை என்றார். அந்த வேலையைக் காட்டித்தான் அப்பா எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் ரொறன்ரோவில் வோபர்ன் பகுதியில் குடியிருந்தோம். அவர் குளிர்காலம் முழுவதும் வடக்கே இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் உலகத்து வீரர்களெல்லாம் அங்கே வந்து போட்டியிட்டார்கள். தொலைக்காட்சியில் பாய்கிறவர்களை விட்டுவிட்டு, “அங்கை பார், கிளை எவ்வளவு நேராக் கிடக்குது” என்று அம்மா எங்களுக்குக் காட்டினார். அதன் பின் அதிக நாள் போகவில்லை. நடத்த வசதியில்லை என்று மலையை மூடிவிட்டார்கள். அப்பா பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்த்தார். குறை சொன்னதில்லை. சென்ற மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

இறுதிக் கிரியை நாளில் பனி கொட்டியது. அப்பாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் வாசல், படி, பாதை எல்லாம் ஒரே வெள்ளை. சித்தப்பா கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று சத்தம் போட்டார்.

“ஆர் உந்தக் குப்பையை வாசலிலை கொட்டினது? பெட்டி தூக்கிற நேரத்திலை!”

பாதை நெடுகப் பச்சை ஊசியிலைக் கிளைகள் கிடந்தன. அருகே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றியபடி நின்றார். சித்தப்பா பாதியைக் கூட்டிவிட்டிருந்தார். அம்மா அவரைத் தடுத்தார்.

“விடுங்கோ தம்பி. உது குப்பை இல்லை. உந்தப் பெரியவர் பரப்பினது.”

சித்தப்பா அந்த மனிதரைப் பார்த்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். பிறகு இருவரும் குனிந்து கிளைகளைத் திரும்பப் பரப்பினார்கள். தூக்கியவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். ஒருவருக்கும் சறுக்கவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கறி கொண்டுவந்த வோபர்ன் அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த குருக்களுக்கும், முன்னின்று உழைத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் வந்து கிளை பரப்பிய அந்த மலைப் பொறுப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அன்று அவர் எங்கள் அப்பாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டிருந்தால் அப்பாவின் பெட்டியைத் தூக்க நாங்கள் இங்கே இருந்திருக்க மாட்டோம். இம்மலரின் முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது. முகவரியைச் சித்தப்பாவே எழுதினார்.