ஆறுமணிக்குருவியும் என் மாமியாரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், மாந்தோப்புக்கு நடுவே இருக்கும் என் கணவரின் வீட்டுக்கு முதன்முதலாகப் போயிருந்தேன். எங்களுடையது காதல் திருமணம். கல்யாணத்துக்கே வராத மாமியார், அதற்குப் பிறகு போனில்கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு எப்படியாவது அவரைப் பேச வைத்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, திரும்பிப் போய்விடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

எனக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் உண்டு. லீவு விட்டால் ஒகேனக்கல் போகிற வழியிலுள்ள முள்காடுகளில்தான் கிடப்பேன். “அங்க வந்து அண்ணாந்து பாத்துட்டு நிக்காத தாயே” என்று என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அழைத்துப்போனார். சரியென்று தலையாட்டிவிட்டு, பைனாகுலரைக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டேன். பழக்கம் விடுமா?

மாமியார் தண்ணீர் கொடுத்தார், காபி கொடுத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

“இத பாரு, பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேக்காம...” என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோப்பிலிருந்து ஒரு சீட்டிச் சத்தம். கணீரென்று இரண்டே சுரம். என் விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது. “உஷ்ஷ்!” என்றேன்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்வதுதான் அது. அதை மாமியாரிடம் செய்யலாமா? என் கணவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்க அத்தை... ஆறுமணிக்குருவிங்க. குளிர்காலத்துக்கு வடக்கேருந்து வரும். பொழுது சாயறப்ப இப்படித்தான் கத்தும்” என்று உளறினேன்.

மாமியார் தோப்புப் பக்கம் திரும்பினார். “குருவியா? தெனம் நான் மாட்டப் புடிச்சுக் கட்டறப்ப சீட்டியடிக்கிறது குருவியா?”

பைனாகுலரை எடுத்தேன். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி தோப்புக்குள் போய் ஒரு மரத்தின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தோம். சருகைப் புரட்டியபடி அது தத்தித் தத்திப் போனது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. மாமியார் முதலில் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, “எங்கியோ தூரமாப் போயிருச்சே” என்றார். சரியாகப் பிடித்துக் கொடுத்ததும், “யே ஆத்தா! பட்டுச்சீல கட்டிக்கிட்டில்ல மேயுது!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

குருவி புதருக்குள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் தன்னைப் பார்த்துச் சீட்டியடிக்கிறார் என்று நினைத்து, அதற்கு முந்தின வருடம் வாய்க்கு வந்தபடி திட்டி, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாராம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். சிரித்து ஓய்ந்ததும் என் கையைப் பிடித்தார்.

“பாக்காமயே திட்டிப்புட்டேன், பாவம் அந்த மனுசன” என்றவர், என் முகத்தைப் பார்த்து, “உன்னையுந்தான் கண்ணு” என்றார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் போனது. இப்போதெல்லாம் மழைக்காலம் தொடங்கினால் மாமியாரிடமிருந்துதான் முதல் போன் வரும்: “வந்துருச்சு, கெளம்பி வா!”

அவர் என்னைப் பார்க்காமலே திட்டினார், நான் அவரைப் பார்க்காமலே பயந்தேன். எங்கள் இருவரையும் கிட்டத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னது ஒரு குருவி என்று நினைக்கும்போது, இன்றைக்கும் சிரிப்பும் நன்றியும் ஒன்றாகத்தான் வருகின்றன.