மெஷின் சத்தத்தில் படித்த மறுதேர்வு

“…ஏட்டி, பெயிலாயிட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தானா ஒரு வாரமா பரண்ல ஒளிஞ்சி கெடந்த?” என்று கேட்டாள் மதினி. அப்போதுதான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அவள் கைப்பை தைக்கிற மெஷினுக்கு நேர் மேலே, ஏணி வைத்து ஏறி நான் படுக்கிற பரண்.

அயர்லாந்தில் பிசினஸ் அனலிட்டிக்ஸ் முதுகலை படிக்கப் போனவள் நான். இங்கே பள்ளியில் முதல் மாணவி. அங்கே வகுப்பில் சுமார்தான். எனக்குக் கேள்வி புரிவதற்குள் மற்றவர்கள் விடையோடு உட்கார்ந்திருப்பார்கள். புள்ளியியலில் தோற்று, விடுமுறைக்கு வந்திருந்தேன். அடுத்த வாரம் ஆன்லைனில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் படிப்பே போச்சு.

“அப்பம் நீ படிக்கதுக்கு இந்தச் சத்தம் ஆவாதுல்லா?” என்று மதினி சுவிட்சை அணைத்தாள்.

“ஐயோ, போடுங்க மதினி! அங்க ரூம்ல ஒரு சத்தமும் கிடையாது. அந்த அமைதியில ஒரு வரிகூட மண்டையில ஏறல. இங்க வந்த பிறகுதான் கணக்கே வருது.”

“இந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரி தெனமும் சண்டைக்கு வாரா. நீ என்னன்னா… கிறுக்கி!”

சிரித்துக்கொண்டே மெஷினை ஏணிக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டு, மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள்.