சுண்ணாம்பு டப்பாவும் பச்சைக்கல்லும்

என் அலமாரியில் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. அலுமினியம், உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியில் அப்பா ஆணியால் கீறிய சிலுவை ஒன்று பாதி தேய்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை. டப்பாவும் பதினான்கு வருடம் காலியாகவே இருந்தது. வீடு மாறும்போதெல்லாம் என் கணவர் அதைக் குப்பையில் போடுவார், நான் பொறுக்கி எடுத்து வைப்பேன். ஏன் என்று ஒருமுறை கேட்டார். அப்பா ஞாபகம் என்றேன். அது பொய்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை விடுமுறை. விழுப்புரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் சீர்செய்யும் கேங்மேன். அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. அண்ணன் எங்கிருந்தோ ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தான். அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. அதில் ஒரு மாவீரன் மலையைப் பெயர்த்து வேறு இடத்தில் வைப்பான். அப்பேர்ப்பட்டவன், வானத்திலிருந்து விழுந்த ஒரு தாதுக்கல் பக்கத்தில் வந்தால் மட்டும் வாடிய கீரைத்தண்டு போலத் துவண்டு விழுவான். கல்லை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால்தான் எழுந்திருப்பான். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பதால் கல் என்ன நிறம் என்று தெரியவில்லை. அந்தக் கவலையில் இரண்டு நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தண்டவாளத்து ஜல்லிக்கு நடுவில் அண்ணன் அதைக் கண்டெடுத்தான். பச்சை நிறம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் நிற்பது போலத் தெரிந்தது. வேலை விட்டு வந்த அப்பாவிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய சிக்னல் வெளக்கு கண்ணாடிடா இது, ஒடைஞ்சி கெடக்கும். கைய கிழிச்சிக்கினு நிக்காதீங்க," என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் என் காதில், "அவருக்கு எல்லாமே ரயில்வே சாமான்தான்," என்றான். அப்பா வெற்றிலையை விட்டபோது தூக்கிப் போட்ட சுண்ணாம்பு டப்பாவைக் கழுவிக் காயவைத்து, கல்லை அதற்குள் வைத்தோம்.

விளையாட்டில் எப்போதும் அண்ணன்தான் வீரன், கல் எப்போதும் என்னிடம். நான் டப்பாவைத் திறந்து கல்லை நீட்டினால் அவன் விழ வேண்டும், கல்லை உள்ளே வைத்து மூடினால் எழ வேண்டும். விதி அவ்வளவுதான். அண்ணன் அதை ஒருநாளும் மீறவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு விழுவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கோயில் வாசல் மண்ணில் விழுந்து அம்மாவிடம் உதை வாங்கியிருக்கிறான். ஒருமுறை கல்லை மூடாமல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் போட்டது போட்டபடி வாசலில் கிடக்கிறான், கழுத்தில் எறும்பு ஊர்கிறது. "மூடு பாப்பா, கடிக்கிது," என்றான். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் இது நிற்கவில்லை. "கழுதை வயசாவுது, இன்னும் உருண்டுக்கினு கெடக்குது பாரு," என்பாள் அம்மா.

அண்ணனுக்கு இருபது வயதானபோது போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாவுக்கு அதற்குள் முதுகு போயிருந்தது. அண்ணன் காக்கி போட்டால் அப்பா கடப்பாரையைக் கீழே வைக்கலாம், வீட்டில் எல்லோருடைய நினைப்பும் அதுதான். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து கெடார் ரோட்டில் ஓடிப் பழகினான். தேர்வு நாளன்று குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்து அம்மா என்னை மைதானத்துக்கு அனுப்பினாள். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நீளம் தாண்டினான், கயிறு ஏறினான், இரண்டிலும் தேறிவிட்டான். ஓட்டம் மட்டும்தான் பாக்கி. காலையிலிருந்தே அவன் முகம் இறுகிக் கிடந்தது, என்னோடும் பேசவில்லை. கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். எனக்குப் பதினைந்து வயது, அந்த அளவுக்குத்தான் புத்தி. கடைசிச் சுற்றில் மூன்றாவது ஆளாக வேலியோரம் வந்தபோது, கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து கல்லை நீட்டினேன்.

பார்த்தான். முகம் மலர்ந்து சிரித்தான். அடுத்த எட்டில் கால் மடங்கி விழுந்தான். விளையாட்டாகத் துவண்டு காட்டப் பார்த்தானா, சிரித்த சிரிப்பில் கால் பிசகியதா, தெரியாது. பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டி ஓடினார்கள். அவன் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். இரண்டு பேர் வந்து அவனைத் தூக்கியபோதுதான் கையில் கல் இல்லை என்பது தெரிந்தது. காலி டப்பாவோடு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

"தரையில பள்ளம் இருந்துச்சுப்பா," என்று அப்பாவிடம் சொன்னான். மறுநாள் காலையில் அப்பா கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணன் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. "நீ மூடவே இல்லியே பாப்பா, மூடுனாதான எந்திரிப்பேன்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கல் தொலைந்துவிட்டது என்றேன். "போவுது உடு," என்றான். நான் அப்போது அழுதிருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. அந்த மரப்பு பிறகு போகவே இல்லை.

கால் சரியாகக் கூடவில்லை. அண்ணன் டிரைவிங் கற்றுக்கொண்டு மினி லாரியில் மல்லாட்டை மூட்டை ஏற்றினான், வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. அப்பா ஓய்வு பெறும்வரை கடப்பாரையை விடவில்லை. நான் படித்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையானேன். அந்தப் பக்கம் லோடு வந்தால் அண்ணன் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பான். ஒரு பை மல்லாட்டையை நீட்டிவிட்டு, "ஜல்தியா போவணும் பாப்பா," என்று வண்டியில் ஏறிவிடுவான். அவன் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பேன். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒருநாள் வகுப்பில் தனிம அட்டவணை நடத்தும்போது ஒருத்தி எழுந்து, "மிஸ், சூப்பர் ஹீரோவையே கீழ தள்ற கல்லு இதுல எங்க மிஸ் இருக்குது?" என்றாள். வகுப்பு சிரித்தது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்த தனிமத்துக்குப் போனேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அண்ணன் போனான். திண்டிவனத்துக்கு வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருக்கிறான். மாரடைப்பு என்றார்கள். முப்பத்து நான்கு வயது. சாவு வீட்டில் நான் நாற்காலி போட்டேன், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தேன், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். "கூடப் பொறந்தவ, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி உடல பாரு," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கிளம்பும்போது அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். வண்டியில் இருந்த சாமான்கள். ஜெபமாலை, டார்ச், அவன் லைசென்ஸ். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பையின் அடியிலிருந்து பச்சைக்கல்லை எடுத்தாள்.

"இது ஒங்களுதாமே. ஸ்டீயரிங்குக்கு முன்னால மாதா படத்துக்குக் கீழயே வச்சிருப்பாரு. கால் ஒடைஞ்ச அன்னைக்கே கிரவுண்டுல நொண்டிக்கினு தேடி எடுத்தாராம். குடுத்துடறதுதானன்னு நான் கேப்பேன். குடுத்தா அன்னைக்கு நடந்தது பாப்பாவுக்கு ஞாபகம் வரும், வேணாம்னுவாரு."

வாங்கிக்கொண்டேன். கோயில் வாசலில் நின்றிருந்தோம். பதினான்கு வருடம் அந்தக் கல் எந்த மூடியும் இல்லாமல் அவன் கண்ணெதிரே இருந்திருக்கிறது என்பது பஸ் மயிலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கல்லை டப்பாவுக்குள் வைத்தேன். மூடி நெளிந்து போயிருந்ததால் சட்டென்று பொருந்தவில்லை. கட்டை விரலால் அழுத்தி மூடினேன். அப்புறம் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.